மதகு திறந்தால் மீனுக்கு என்ன ஆகும்? மேட்டூர் முதல் கண்மாய் வரை

சேலம், ஈரோடு, தருமபுரி பக்கம் சாலையோர மீன்கடையில் "மேட்டூர் டேம் மீன்" என்று ஒரு பலகை தொங்கினால் போதும், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு ஆள் வருவார்கள். ஆந்திரப் பண்ணைகளிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த கட்லா பக்கத்துக் கடையிலேயே கிடக்கும். அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அணை மீன் என்றால் ஆற்று மீன், ஆற்று மீன் என்றால் தானாக விளைந்தது என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. அணையில் பிடித்த கட்லாவின் பூர்வீகம் காவிரி கிடையாது. அது அரசு மீன் பண்ணைத் தொட்டியில் பொரித்த குஞ்சாகவும் இருக்கலாம். அது நீந்தி வளர்ந்த தண்ணீரோ தஞ்சாவூர், திருவாரூர் நெல்லுக்காகத் தேக்கிவைத்தது. தமிழ்நாட்டில் பெரிய அணை எதுவும் மீனுக்காகக் கட்டப்படவில்லை. பாசனம், மின்சாரம், குடிநீர் என்று வரிசையாக உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். மீன் அங்கே ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரர் எப்போது தண்ணீரைத் திறப்பார், எப்போது மூடுவார் என்பதில் அதற்குப் பேச்சு கிடையாது. அணை மீன்பிடிப்பின் லாபம், நஷ்டம், சண்டை எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு விஷயம்தான் கிடக்கிறது.

மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை. திறந்துவைத்த சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி. நிறைந்து நிற்கும்போது தண்ணீர் சுமார் 153 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரியும். சேலம் கரையில் பண்ணவாடி, கோட்டையூர், செட்டிப்பட்டி. எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரை, ஒட்டனூர், ஏமனூர். இந்த ஊர்களின் பரிசல் துறைகளிலிருந்துதான் அந்தப் 'டேம் மீன்' கரையேறுகிறது.

அணை வருவதற்கு முன் இங்கே ஓடியது ஆறு. ஆற்று மீனுக்கும் ஏரி மீனுக்கும் வாழ்க்கை முறை வேறு. காவிரியின் பெரிய இழப்பு உள்ளம் மீன். வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதே மீன்தான். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும் இனம். வெள்ளம் வரும் மாதங்களில் கொள்ளிடம் வழியாகக் காவிரியில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையும் கீழணையும் முதல் தடையாக வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகாண மீன்துறை கொள்ளிடத்தில் உள்ளம் மீனுக்குச் செயற்கையாக முட்டை பொரிக்கவைத்துப் பார்த்தது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. மேட்டூர் எழுந்த பிறகு மேல்காவிரிக்கான வழி மொத்தமாக அடைபட்டது. கீழேயும் வெள்ளத்தின் காலமும் வேகமும் மாறிப்போனதால் மிச்சமிருந்த வரத்தும் சுருங்கியது. இன்று உள்ளம் மீன் என்று சொன்னால் காவிரிக் கரையிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளூர் கெண்டைகளின் கதை இவ்வளவு திடீரென்று முடியவில்லை. வெண்கெண்டை, கருமுழிக் கெண்டை போன்ற காவிரி இனங்கள் அணை கட்டிய புதிதில் நன்றாகவே கிடைத்தன. எந்தப் புது அணையிலும் முதல் சில வருடங்கள் அப்படித்தான். மூழ்கிய மரம், செடி, வயல் மண் எல்லாம் அழுகித் தண்ணீரில் சத்து ஏறும். நுண்ணுயிர் பெருகும், மீனும் பெருகும். சத்து கரைந்து தீர்ந்ததும் விளைச்சல் படியும். அதோடு ஓடும் நீரில் முட்டையிட்டுப் பழகிய மீனுக்குத் தேங்கிய நீர் ஒத்துவராது. தலைமுறை தலைமுறையாக எண்ணிக்கை குறையும். நிற்கும் தண்ணீரைத் தாக்குப்பிடிக்கக்கூடிய வாளையும் கெளுத்தியும் மிஞ்சும். இவை இரண்டும் பிற மீனைத் தின்று வாழ்பவை. தின்னிகள் மட்டும் மிஞ்சிய அணையில் எடை பிடிக்க முடியாது.

அங்கேதான் வடக்கத்தி மீன்கள் வருகின்றன. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியின் கெண்டை இனங்கள். இவற்றைச் சேர்த்து விடுவதற்குக் காரணம் சாப்பாட்டில் சண்டை வராது என்பது. கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம். அணைத் தண்ணீரில் மேல்மட்டத்து நுண்ணுயிர்தான் அதிகம். அதனால் அணையில் கட்லாவுக்குத்தான் ராஜ வாழ்க்கை. தலை பெருத்து, முதுகு உயர்ந்து, பத்து கிலோவுக்கு மேலும் போகும்.

ஆனால் இந்த மூன்றும் தேங்கிய நீரில் சினை பிடிக்குமே தவிர முட்டை போடாது. மழையும் வெள்ளமும் ஓட்டமும் சேர்ந்து வந்தால்தான் போடும். அணைக்கு மேலே நல்ல ஆறு ஓடினால் வெள்ளக் காலத்தில் அங்கே ஏறிப்போய் இடும். மேட்டூருக்கு மேலே காவிரி இருக்கிறது. சின்ன ஓடைகளை மறித்துக் கட்டிய அணைகளில் அந்த வாய்ப்பு கிடையாது. ஆகவே குஞ்சு வெளியிலிருந்து வர வேண்டும். ஒரு காலத்தில் வங்காளத்து ஆறுகளில் வலைகட்டி அள்ளிய குஞ்சுகள் ரயிலேறி நாடு முழுக்கப் போயின. அதில் எந்தக் குஞ்சு எந்த இனம் என்று பிரிப்பதே பெரும்பாடு. வழியில் செத்தது போக மிச்சம்தான் குளத்துக்கு.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தியப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடவைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். இன்று சுரப்பிச் சாறுக்குப் பதில் தயாரிப்பு ஹார்மோன் மருந்து வந்துவிட்டது. மேட்டூர், பவானிசாகர் என்று அணைக்கு அணை அடிவாரத்தில் மீன் விதைப்பண்ணைகள் இருப்பதற்கு மூலம் அந்த ஊசிதான்.

அப்புறம் என்ன, குஞ்சைக் கொட்டினால் மீன் வந்துவிடாதா? இங்கேதான் பல வருடம் பணம் தண்ணீரில் போனது. பொரித்து மூன்று நாள் ஆன குஞ்சு ஊசிமுனை அளவு இருக்கும். இரண்டு மூன்று வாரம் நாற்றங்கால் குளத்தில் வளர்த்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர். மேலும் இரண்டு மூன்று மாதம் வைத்தால்தான் விரல் நீளம் வரும். துறையில் 'விரலிகள்' என்பார்கள். விரலிகளை வளர்க்க இடம் வேண்டும், தீவனம் வேண்டும், காசும் வேண்டும். ஆகவே கணக்குக் காட்ட வசதியாகச் சின்னக் குஞ்சுகளையே லட்சக்கணக்கில் விடுவது பழக்கமாக இருந்தது. அமைச்சர் கையால் பாத்திரத்தைச் சாய்க்கும் படம் பத்திரிகையில் நன்றாகத்தான் வரும். அணைக்குள் காத்திருக்கும் வாளைக்கும் கெளுத்திக்கும் நீர்க்காகத்துக்கும் அது விருந்து.

இதற்கு ஒரு நல்ல எதிர் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. பொள்ளாச்சி பக்கத்து ஆழியாறு அணை, சுமார் 650 ஹெக்டேர். 1980-களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஆலோசனை சொல்லி முறையை மாற்றியது. குஞ்சு சிறிதாக இருந்தால் விடாதே, பத்து சென்டிமீட்டராவது வளர்ந்த பிறகு விடு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல் வருடம் முழுக்கப் பிரித்து விடு. ஒரு கிலோவுக்குக் குறைந்த கெண்டையைப் பிடிக்காதே. சிறுகண் வலையை ஏற்றாதே. அவ்வளவுதான், வேறு மந்திரம் எதுவும் இல்லை. அதுவரை ஹெக்டேருக்கு முப்பது கிலோவைத் தொடாமல் கிடந்த அணை 190 கிலோவைத் தாண்டியது.

அந்த 190 எவ்வளவு பெரிய எண் என்று தெரிய வேண்டுமானால், 1990-களில் இந்திய அணைகளுக்குத் தொகுத்த சராசரியைப் பார்க்க வேண்டும். 1,000 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு அணைகளில் ஹெக்டேருக்குச் சுமார் 50 கிலோ. 1,000 முதல் 5,000 வரையிலான நடுத்தர அணைகளில் 12 கிலோ. அதற்கும் மேற்பட்ட பெரிய அணைகளில் 11 கிலோ. அதாவது அணை பெரிதாகப் பெரிதாக ஒரு ஹெக்டேருக்குக் கிடைக்கும் மீன் குறைகிறது. சிறு அணையில் கோடையில் தண்ணீர் வற்றிச் சுருங்கும், விட்ட மீனைத் திரும்பப் பிடித்துவிடலாம். பெரிய அணையில் விட்ட மீன் எங்கே போனது என்று தேடுவதற்குள் ஆயுள் முடிந்துவிடும். ஆழமும் ஒரு காரணம். வெயில் எட்டும் மேல்தண்ணீரில்தான் நுண்ணுயிர் விளையும். அடியில் இருட்டும் குளிருமாகக் கிடக்கும் தண்ணீர் மீனுக்குப் பெரிய உதவி செய்யாது.

சரி, மதகுக்கு வருவோம்.

மேட்டூரின் நாட்காட்டி டெல்டாவின் நாட்காட்டிதான். இருப்பு போதுமானதாக இருந்தால் ஜூன் 12-ல் குறுவைக்குத் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி வழியும் ஆடி மாதங்களில் மேட்டூருக்கு வரத்து. வரத்து எந்த வேகத்தில் வரும் என்பதற்கு 2024 போதும். ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டி, 12 டிஎம்சி அளவில் கிடந்த அணை, அதே மாதக் கடைசியில் 120 அடியைத் தொட்டது. ஒரு மாதத்துக்குள் எண்பது அடி. கரையோரம் கூடாரம் போட்டிருக்கும் மீனவர், தண்ணீர் ஏற ஏறக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு மேலே போவார். இறங்கும்போது பின்னாலேயே இறங்குவார். மேட்டூரில் மீனவர் முகாம்களுக்கு நிரந்தர முகவரி என்று ஒன்று இல்லாமல் போனது இதனால்தான்.

இந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு நல்லதா கெட்டதா என்றால் இரண்டும்தான். தண்ணீர் இறங்கும்போது வெளிவரும் நிலத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் சோளம், கம்பு, எள் என்று விதைக்கிறார்கள். ஆடு மாடு மேய்கிறது. பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியத் தொடங்கும், சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். அப்புறம் வெள்ளம் வந்து இந்தத் தட்டையையும் சாணத்தையும் புல்லையும் மூழ்கடிக்கும்போது, புது அணையில் நடந்ததே சிறிய அளவில் மறுபடி நடக்கும். சத்து ஏறும், நுண்ணுயிர் பெருகும், குஞ்சுகளுக்குத் தீனி. ஏறும் தண்ணீர் மீனுக்கு நன்மை.

இறங்கும் தண்ணீர்தான் சிக்கல். கரையோர ஆழமில்லாத தண்ணீரில் குழி பறித்துக் கூடு கட்டும் மீன்களின் கூடு வெயிலில் காய்ந்துபோகும். பரப்பு சுருங்கச் சுருங்க எல்லா மீனும் ஒரே இடத்தில் நெருக்கமாக மாட்டும். அந்த மாதங்களில் வலைக்கு நல்ல வேட்டை. ஆனால் வருகிற மீனில் பாதி இன்னும் ஆறு மாதம் விட்டால் இரண்டு மடங்கு எடை வந்திருக்கக்கூடியது. அணை நிறைந்தாலோ நேர்மாறு. மீன் நாலாபக்கமும் பரவிவிடும். வலை எட்டாத ஆழம், பரிசல் தாங்காத அலை. வெள்ள அபாய எச்சரிக்கை இருந்தால் இறங்கவே விட மாட்டார்கள். டெல்டாவில் பட்டாசு வெடிக்கும் நாளில் பண்ணவாடி மீனவர் வெறும் கூடையோடு திரும்புவார். அந்த நிறைந்த தண்ணீரின் பலன் அவருக்கு ஒரு வருடம் கழித்துத்தான் வரும். அதுவரை கடன்.

உபரி நீர் திறந்தால் இன்னொரு கூத்து. எல்லீஸ் உபரிநீர்ப் போக்கியில், ஊர்க்காரர்கள் 16 கண் மதகு என்கிறார்களே, அங்கே தண்ணீர் பாயும்போது பெரிய மீன்களும் சேர்ந்து கீழே போய்விடும். திரும்பி ஏற வழியில்லை. மதகை மூடிய அடுத்த நாள் கீழே பாறைக்குட்டைகளில் தேங்கிய தண்ணீரில் மீன் துள்ளும். மேட்டூர்க்காரர்கள் வேட்டி, சேலை, வலை என்று கையில் கிடைத்ததோடு இறங்கிவிடுவார்கள். பிடித்தது போக மிச்சம், தண்ணீர் சூடேறி மூச்சு முட்டிச் சாகும். அணைக்குள் இருக்கும்போது உரிமம் உள்ளவருக்கு மட்டும் சொந்தமான மீன், மதகைத் தாண்டிய நிமிடம் ஊருக்கே பொதுச்சொத்து ஆகிவிடுகிறது. கணக்குப்படி அது குஞ்சு விட்ட அரசுக்கும் நஷ்டம், காத்திருந்த மீனவருக்கும் நஷ்டம். ஆனாலும் அந்த ஒரு நாள் கொண்டாட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர்மேல் நடக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரிசல் என்பது மூங்கில் பின்னலில் செய்த வட்டத் தோணி. முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள், பிறகு தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வந்தன, இப்போது பைபர் பரிசலும் உண்டு. பல குடும்பங்களில் கணவனும் மனைவியுமாகப் போவார்கள். ஒருவர் துடுப்பு போட, இன்னொருவர் வலை விடுவார். சாயங்காலம் வலையைக் கட்டிவிட்டு விடிகாலையில் எடுப்பதுதான் பொது வழக்கம். மீன் தலை நுழைந்து செவுளில் மாட்டிக்கொள்ளும் வலைதான் அணைகளில் அதிகம். கீழ்க்கயிறும் எடைக்கல்லும் உள்ளது ரங்கூன் வலை. கீழ்க்கயிறு இல்லாமல் தளர்வாகத் தொங்குவது உடுவலை. பருத்தி நூலில் பின்னிய காலத்தில் வலையைக் காயவைத்துப் பராமரிப்பதே பாதி வேலையாக இருந்தது. நைலான் வந்தபின் ஒருவர் கட்டும் வலையின் நீளம் பல மடங்கு ஆனது. மீன் அந்த அளவுக்குக் கூடவில்லை.

வலையில் எல்லாமே கண்ணியின் அளவில் இருக்கிறது. பெரிய கண்ணி என்றால் சின்ன மீன் தப்பித்துப் போய் வளரும். ஆனால் நாளைக்கு வளர்ந்து வரும் மீனை நானே பிடிப்பேன் என்று எந்த மீனவருக்கும் உறுதி இல்லை. பக்கத்துப் பரிசல்காரர் சிறுகண் வலை போட்டால் அது அவருக்குப் போய்விடும். ஆகவே எல்லோரும் கண்ணியைச் சுருக்குகிறார்கள். இதைவிட மோசமானது வெடி. ஒரு தோட்டாவுக்கு மிதக்கும் மீன் கொஞ்சம், அடியில் செத்து அமிழ்வது அதிகம், குஞ்சு குருமான் எல்லாம் சேர்ந்து போகும். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆன தடை, இன்னும் வழக்கு பதிவாகிக்கொண்டிருக்கிறது.

யாருக்கு மீன் சொந்தம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரே பதில் கிடையாது. மேட்டூரில் உரிமம்: பெயர் பதிந்த மீனவர் கட்டணம் கட்டிப் பிடிக்கலாம், விற்பனை கூட்டுறவுச் சங்கம் வழியாக நடக்க வேண்டும். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் வசம் சாத்தனூர், அமராவதி போன்ற அணைகள் போயின. அங்கே பங்கு முறை பழக்கத்துக்கு வந்தது. குஞ்சு விடுவது கழகம், பிடிப்பது மீனவர், பிடித்ததை ஒப்படைத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மூன்றாவது குத்தகை. டெண்டரில் எடுத்தவர் சில வருடம் அணையை ஆள்வார், மீனவர் அவரிடம் கூலிக்கு நிற்பார்.

மூன்றிலும் ஓட்டை உண்டு. உரிமத்தில் பரிசல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், குஞ்சைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லை. பங்கு முறையில் கூலிக்கும் சந்தை விலைக்கும் இருக்கும் தூரம், மீனை இரவோடு இரவாக வேறு கரைக்குக் கடத்தவைக்கும். குத்தகைக்காரர் முதல் வருடம் குஞ்சு விடுவார், கடைசி வருடம் துடைத்து எடுத்துவிட்டுப் போவார். நடுவில் ஒரு வருடம் மழை பொய்த்தால் அவர் கணக்கும் கவிழ்ந்துவிடும், ஏனென்றால் குத்தகைத் தொகை நீர்மட்டத்தோடு சேர்ந்து இறங்குவதில்லை. என்னைக் கேட்டால், அணையிலேயே குடியிருக்கும் மீனவர் சங்கத்துக்கு நீண்ட காலக் குத்தகை கொடுத்து, தொகையை அந்தந்த வருட நீர் இருப்போடு கட்டிவைப்பதுதான் குறைந்த தீமை. ஆழியாற்று விதிகளைக் காவலர் வைத்து நடத்த முடியாது, பிடிப்பவருக்கே அதில் லாபம் தெரிய வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் இல்லாமல் தானாகப் பெருகிய ஒரு மீனும் உண்டு. ஜிலேபி. ஆப்பிரிக்க ஊர், இந்தியாவுக்கு 1952-ல் வந்தது, இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது அதில் ஒரு வழி. ஊசி வேண்டாம், வெள்ளம் வேண்டாம். தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், வருடத்தில் பல முறை. 1957-ல் கட்டி முடித்த உடுமலைப்பேட்டை பக்கத்து அமராவதி அணை இந்த மீனுக்குப் பேர்போனது. கெண்டையை நம்பிய அணைகள் தடுமாறிய காலத்தில் அமராவதி ஜிலேபியால் நல்ல விளைச்சல் காட்டியது. அங்கே முதலைகளும் இருக்கின்றன, அவையும் தம் பங்குக்கு வரி எடுக்கின்றன. ஆனால் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் நெரிசலில் ஜிலேபி வளராது. கையளவுக்கு வருமுன்பே சினை பிடித்துவிடும். அப்புறம் அணை நிறைய உள்ளங்கை அகல மீன்தான். ஏழை வீட்டுக் குழம்புக்கு அது ஒன்றும் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீன்துறைக்காரர்கள் ஜிலேபியைத் திட்டுவார்கள், சந்தையில் காலையிலேயே தீர்ந்துபோவதும் அதுதான்.

அணையை விட்டுக் கண்மாய்க்கு வந்தால் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து பங்குனி, சித்திரையில் வற்றுபவை. இவற்றின் மீன் உரிமையை 'மீன்பாசி' என்று ஏலம் விடுவார்கள். பெரிய கண்மாய் என்றால் நீர்வளத்துறை வசம், சிறியது என்றால் ஊராட்சி வசம். குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில், ஜூலை முதல் ஜூன் வரை. தாளில் பன்னிரண்டு மாதம் இருந்தாலும் தண்ணீர் இருக்கப்போவது ஆறேழு மாதம். அதற்குள் குஞ்சு விட்டு, வளர்த்து, பிடித்துவிட வேண்டும். கடைசி மாதங்களில் விவசாயிக்கு ஒரு நனைப்புத் தண்ணீர் வேண்டும். அதே தண்ணீரை மடையில் விட்டால் குத்தகைக்காரரின் மீன் சேற்றில் கிடக்கும். சில இடங்களில் நேர்மாறாக, சீக்கிரம் மீன் அள்ளுவதற்காகக் குத்தகைக்காரரே மடையைத் திறந்துவிட்டார் என்று புகார் எழும். மடைச்சாவி யார் கையில் என்பதில் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் எத்தனை பஞ்சாயத்து நடந்திருக்கும் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

ஏலத்துக்கு வெளியே நிற்பது அழிகண்மாய். கோடையில் தண்ணீர் முழங்காலளவு வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள், சுற்றுவட்டார ஊர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். விடியுமுன்பே கரை நிறைந்துவிடும். பெரியவர் ஒருவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஊத்தா, கச்சா, வலை, கூடை, சிலருக்கு வெறும் கைதான். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை. சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவினால் விராலோ கெளுத்தியோ சிக்கும். கெளுத்தி என்றால் முள்ளும் கையில் ஏறும். பிடித்த மீனை விற்கக்கூடாது, குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. அடுத்த வருடம் மழை பெய்யும் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தது.

இதில் மீனியல் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. விரால், கெளுத்தி, அயிரை, குரவை என்று கண்மாயின் பழைய மீன்கள் வற்றுவதற்குத் தயாரானவை. விரால் காற்றையே மூச்சாக இழுக்கும், ஈரச் சேற்றுக்குள் நாள் கடத்தும். முதல் மழைத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் மீன்கள் எதிரேறிப் போய் முட்டையிடும். ஏத்து மீன் பிடிக்கப் போவது அந்த ஒரு சில நாட்களுக்குத்தான். ஆகவே கோடையில் துழாவி எடுத்தாலும் அடுத்த பருவத்தில் மீன் இருந்தது. வாய்க்கால்கள் அடைபட்டு, கண்மாய்க்குக் கண்மாய் இருந்த தொடர்பு அறுந்த இடங்களில் அந்தச் சுழற்சியும் அறுந்துவிட்டது. அங்கெல்லாம் இப்போது குஞ்சு வாங்கி விட்டால்தான் மீன். போதாக்குறைக்கு, மத்திய அரசு 2000-த்திலேயே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெள்ளத்தில் தப்பிக் கண்மாய்க்குள் நுழைந்தால் விரால் குஞ்சு மிஞ்சாது.

மேட்டூரின் இன்றைய கவலை வேறு வகை. சில வருடங்களாகத் தண்ணீர் இறங்கும் மாதங்களில் பண்ணவாடி, கோட்டையூர் பக்கம் கரையோரத் தண்ணீர் பெயிண்ட் கொட்டினாற்போலப் பச்சையாகி நாறுகிறது. நீலப்பச்சைப் பாசி. வயல் உரமும் ஊர்க்கழிவும் கலந்து வரும் சத்துதான் அதற்கு உணவு. பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே உறிஞ்சும். மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் மீனுக்கு மூச்சே மிஞ்சாது. நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து நாற்றத்தைக் குறைக்கிறார்கள். வரும் சத்தை நிறுத்தாத வரை அடுத்த கோடையிலும் தெளிக்க வேண்டியதுதான்.

2020-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் திட்டத்துக்குப் பிறகு அணைகளில் மிதவைக் கூண்டு வளர்ப்பு பற்றி நிறையப் பேசுகிறார்கள். கூண்டுக்குள் மீனை அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்தால் தேடிப் பிடிக்கும் வேலை இல்லை, ஜார்க்கண்டின் சாண்டில் அணையில் நன்றாகவே நடந்திருக்கிறது. ஆனால் கூண்டுக்கு வருடம் முழுக்க ஆழம் வேண்டும். ஒரு மாதத்தில் எண்பது அடி ஏறுகிற, ஒரு பருவத்தில் அதே அளவு இறங்குகிற அணையில் கூண்டை எங்கே கட்டுவது என்பது சின்னக் கேள்வி கிடையாது. தின்னாமல் விழும் தீவனம் பாசிக்குப் போகும் என்பது இன்னொன்று.

மழை பொய்த்த 2023-ல், குறுவைக்கு ஜூன் 12-ல் திறந்த தண்ணீரை அக்டோபரில் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது மேட்டூரில் இருந்தது 30 அடியை ஒட்டிய தண்ணீர். பற்றாக்குறை ஆண்டுகளில் இப்படி நிறுத்தும்போது, குடிநீருக்கும் மீன்வளத்துக்கும் என்று கொஞ்சம் இருப்பு வைக்கப்படுவதாகச் செய்தி வரும். அணையின் தண்ணீர்க் கணக்கில் மீன் என்ற சொல் அதிகாரபூர்வமாக எட்டிப்பார்க்கும் இடம் அநேகமாக அது ஒன்றுதான். எத்தனை அடிக்குக் கீழே இறக்கக்கூடாது, அந்த மாதங்களில் எத்தனை பரிசல் இறங்கலாம், எந்தக் கண்ணி வலை கட்டலாம் என்பதை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தால், அடுத்த ஆடியில் வெள்ளம் வரும்போது ஆற்றில் ஏறி முட்டையிடத் தாய்மீன் கொஞ்சமாவது மிஞ்சும்.